இடது பக்கம் ஒரு மாதிரி, வலது பக்கம் ஒரு மாதிரி... காருக்கு 'ஒரு பக்கம்' கொடுத்த டிசைனர்! யார் இந்த விர்ஜில் எக்ஸ்னர்?

எந்த காரையும் நேர் எதிரே நின்று பாருங்க. ஹெட்லைட் இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணு. நடுவில் கோடு போட்டு மடித்தால் இரண்டு பாதியும் அப்படியே பொருந்தும். ஆனா உள்ளே? ஸ்டியரிங் ஒரு பக்கம்தான் இருக்கும். ஓட்டுபவரும் ஒரு பக்கம்தான் உட்காருவார். அப்புறம் வெளியே மட்டும் ஏன் இந்த சமச்சீர்?

1960-ல் இந்தக் கேள்வியை ஒரு காராகவே செய்து காட்டியவர் அமெரிக்க டிசைனர் விர்ஜில் எக்ஸ்னர். அடுத்த ஆண்டே அவர் பதவி பறிபோனது. என்னதான் நடந்தது?

பணமில்லாமல் நின்ற படிப்பு

1909-ல் மிச்சிகன் மாநிலத்தின் ஆன் ஆர்பர் நகரில் பிறந்தவர் எக்ஸ்னர். குழந்தையிலேயே அவரைத் தத்து எடுத்து வளர்த்தது இன்னொரு குடும்பம். நோட்ர டாம் பல்கலைக்கழகத்தில் ஓவியம் படிக்கப் போனார். கையில் பணம் இல்லாததால் 1928-ல் படிப்பு பாதியில் நின்றது.

விளம்பரப் படங்கள் வரையும் ஸ்டூடியோ ஒன்றில் உதவியாளராகச் சேர்ந்தார். அங்கே ஸ்டூட்பேக்கர் லாரி விளம்பரங்களுக்குப் படம் போட்டார். வரைந்த கை சும்மா இருக்கவில்லை. ஜெனரல் மோட்டார்ஸ் அவரை அழைத்துக்கொண்டது. 30 வயதைத் தொடும் முன்பே பான்டியாக் கார்களின் ஸ்டைலிங் பொறுப்பு அவரிடம் வந்தது. பிறகு ரேமண்ட் லோவியின் நிறுவனம், ஸ்டூட்பேக்கர் என மாறி, 1949-ல் கிரைஸ்லரில் சேர்ந்தார்.

தொப்பிக்காக உயர்ந்த கார்கள்

அன்றைய கிரைஸ்லரில் இன்ஜினியர்கள் வைத்ததுதான் சட்டம். தலையில் தொப்பியோடு உட்கார வசதி வேண்டும் என்பது நிறுவனத் தலைவர் கெல்லரின் கொள்கை. அதனால் கார்கள் உயரமாக, பெட்டி மாதிரி இருந்தன. வாங்குபவர்கள் கண்ணுக்கு அது பழசாகத் தெரிந்தது, விற்பனையும் சரிந்தது.

எக்ஸ்னர் காரைத் தாழ்த்தினார், நீட்டினார். 1955 மாடல்கள் கிரைஸ்லரை மறுபடி எழ வைத்தன. 1957-ல் பின்பக்கம் விமானத்தின் வால் போல உயர்ந்த துடுப்புகளோடு வந்த கார்களைப் பார்த்து போட்டி நிறுவனங்களே மிரண்டன. அதே ஆண்டு கிரைஸ்லரின் ஸ்டைலிங் பிரிவுக்குத் துணைத் தலைவர் ஆனார்.

எல்லாம் இனிப்பாக இல்லை. 1956-ல் அவருக்கு மாரடைப்பு வந்தது. அவசரமாகச் சந்தைக்கு வந்த 1957 கார்கள் சீக்கிரமே துருப்பிடித்து நிறுவனத்தின் பெயரைக் கெடுத்தன.

எக்ஸ்-என்-ஆர்: ஒரு பக்கம் சாய்ந்த கார்

எக்ஸ்னர் ரேஸ் கார் ரசிகர். அன்றைய இண்டியானாபொலிஸ் ரேஸ் கார்கள் பலவற்றில் இன்ஜினும் டிரைவரும் நடுவில் இல்லாமல் ஒதுங்கியே இருக்கும். அந்த ஓட்டப் பாதையில் இடது பக்கம் மட்டுமே திரும்ப வேண்டும் என்பதுதான் காரணம். அங்கே சமச்சீர் இல்லாதது குறை இல்லை, தேவை.

அதே சமயம் கிரைஸ்லரின் புதிய சின்ன கார் வேலியன்டுக்கு ஒரு இன்ஜின் தயாராகியிருந்தது. ஆறு சிலிண்டர்களும் நிமிர்ந்து நிற்காமல் 30 டிகிரி சாய்ந்திருக்கும். இதனால் இன்ஜினின் உயரம் குறைந்து, பானெட்டைத் தாழ்வாக வைக்க முடிந்தது.

இந்த இன்ஜினை வைத்து, இத்தாலியின் கியா பட்டறையில் எக்ஸ்னர் உருவாக்கிய ஒற்றை கார்தான் பிளைமவுத் எக்ஸ்-என்-ஆர். தன் பெயரின் ஆங்கில எழுத்துகளில் உயிரெழுத்தை எடுத்துவிட்டு வைத்த பெயர் அது.

பானெட்டின் இடது பக்கம், அதாவது டிரைவருக்கு நேர் முன்னால் மட்டும், ஒரு மேடு எழும். அது டிரைவர் முன் உள்ள கண்ணாடி வழியாகப் பின்னால் போய், அவர் தலைக்குப் பின்னே ஒற்றைத் துடுப்பாக நிமிரும். பயணி இருக்கையோ கொஞ்சம் தாழ்வு. அவருக்கு மடக்கக்கூடிய குட்டிக் கண்ணாடி. ஆள் இல்லையென்றால் அந்தப் பக்கத்தை மூடிவிடலாம். ஓட்டுபவர் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்பதைக் காரின் உடம்பே சொல்லிவிடும். சுமார் 250 குதிரைத்திறன் வரை இன்ஜின் மெருகேற்றப்பட்டது. சோதனை ஓட்டத்தில் மணிக்கு சுமார் 240 கிலோமீட்டரைத் தொட்டது.

ஏன் ரோட்டுக்கு வரவில்லை?

ஒரு கார் பல நாடுகளில் விற்க வேண்டும். அமெரிக்காவில் ஸ்டியரிங் இடது பக்கம். பிரிட்டன், இந்தியாவில் வலது பக்கம். சாதாரண காருக்கு உள்ளே மாற்றினால் போதும். எக்ஸ்-என்-ஆர் மாதிரி காருக்கு வெளித்தகடுகளின் அச்சுகளையே திருப்பிச் செய்ய வேண்டும். செலவு எங்கேயோ போய்விடும்.

ஆனாலும் எக்ஸ்னர் விடவில்லை. 1962-க்கான பிளைமவுத் கார்களிலும் இந்தச் சாயலைக் கொண்டுவரப் பார்த்தார். அங்கேதான் அடி விழுந்தது. செவர்லே தன் கார்களைச் சின்னதாக்கப் போகிறது என்ற பேச்சு கிரைஸ்லர் மேலிடத்தில் இருந்த வில்லியம் நியூபெர்க் காதுக்கு எட்டியது. ஒரு விருந்தில் அவர் கேட்டதாகச் சொல்வார்கள். உடனே பிளைமவுத், டாட்ஜ் கார்களைச் சுருக்கச் சொல்லி உத்தரவு வந்தது. எக்ஸ்னர் எதிர்த்தும் பலனில்லை.

செவர்லேயின் பெரிய கார்கள் சுருங்கவே இல்லை. வந்தது வேறொரு புது சின்ன கார், அவ்வளவுதான். சுருக்கப்பட்ட கிரைஸ்லர் கார்கள் விற்பனையில் அடி வாங்கின. ஆனால் அதற்குள்ளேயே, 1961-ல், எக்ஸ்னரின் நாற்காலி போர்டிலிருந்து வந்த எல்வுட் ஏங்கலுக்குப் போய்விட்டது. தான் வேண்டாம் என்று சொன்ன முடிவின் பழி தன் தலையிலேயே விடிந்தது. 1964 வரை ஆலோசகராக மட்டும் இருந்தார்.

போருக்குள் ஒளிந்திருந்த கார்

1973 டிசம்பரில் எக்ஸ்னர் காலமானார். எக்ஸ்-என்-ஆர் அதற்குள் பல கை மாறி மத்தியக் கிழக்கு போயிருந்தது. லெபனான் உள்நாட்டுப் போர் நடந்தபோது பெய்ரூட்டின் நிலத்தடி கேரேஜில் கிடந்த அதை, கார் சேகரிப்பாளர் ஒருவர் கண்டுபிடித்துக் காப்பாற்றினார். கனடாவில் பழுதுபார்த்துப் பழைய தோற்றத்துக்குக் கொண்டுவந்தார்கள். 2012-ல் கலிபோர்னியா ஏலத்தில் அது போன விலை 9,35,000 டாலர்.

அவர் எழுப்பிய கேள்வியும் சாகவில்லை. நிசான் கியூப் காரில் பின்பக்கக் கண்ணாடி ஒரு பக்கம் மட்டும் வளைந்து வந்தது. ஹூண்டாய் வெலோஸ்டரில் டிரைவர் பக்கம் ஒரு கதவு, எதிர்ப்பக்கம் இரண்டு கதவு. இரண்டுமே ஷோரூமில் விற்பனைக்கு வந்த கார்கள். எக்ஸ்னருக்குக் கிடைக்காதது அதுதான்.