வீரச் சுவைக்கு இசை வகுத்த ஜி. இராமநாதன்

பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் இடைப்பட்ட சிற்றூர்களில், கோயில் கொடை நாள்களில் வில்லுப்பாட்டுக் கேட்டு வளர்ந்தவர்களுக்குப் போர்க்களத்து இசை புதியதன்று. இரவிக்குட்டிப் பிள்ளையின் கதையில் படை எழும் இடம் வந்துவிட்டால், வில்லின் மணிகளும் உடுக்கையும் குடமும் ஒருங்கே விரையும். தீக்கனாக் கண்ட தாய் மகனைப் போருக்குப் போகாதே என்று தடுக்கும் இடத்தில் அவையே தளர்ந்து விம்மும். கதை கேட்போரின் நெஞ்சு அத்தாளத்தின்வழியே நடக்கும்.

சண்டைப் படங்களில் முழங்கும் பெரும் வாத்திய இசை முழுவதும் மேனாட்டார் தந்த கொடை என்று நம் காலனிப் பிள்ளைகள் கருதுகின்றனர். அதில் ஓரளவு உண்மை உண்டு. 1938இல் வெளிவந்த இராபின் ஹூட் படத்துக்கு எரிக் கார்ன்கோல்டு அமைத்த இசை, வாட்போருக்கு வாத்தியக் குழு எவ்வாறு துணைநிற்கும் என்பதை உலகுக்குக் காட்டியது. எனினும், தமிழ்ப் படங்களின் வீரச் சுவைக்கு உருவம் கொடுத்த ஒருவர் நம்மிடையே வாழ்ந்தார். அவரே இசை மேதை ஜி. இராமநாதன்.

திருச்சிராப்பள்ளியை அடுத்த பிச்சாண்டார்கோவில் அவரது ஊர். தமையனார் சுந்தர பாகவதர் கதாகாலட்சேபம் செய்பவர். தம்பி அவருக்கு ஆர்மோனியம் வாசித்தார். இப்பயிற்சியைச் சிறிதென்று எண்ணலாகாது. கதை சொல்பவர் குரலை உயர்த்துமுன்னே அவர் கருத்தை அறிந்து சுரத்தை எடுத்துக் கொடுக்க வேண்டும். அவர் நிறுத்தும் இடத்தில் தாமும் நிறுத்த வேண்டும். படத்துக்குப் பின்னணி அமைப்பவனுக்கு இதைவிடச் சிறந்த பள்ளிக்கூடம் ஏது?

பாபநாசம் சிவன் பாடலும் மெட்டும் தர, அவற்றுக்கு வாத்தியக் கோவை அமைப்பவராக இராமநாதன் பெயர் பெற்றார். 1944இல் வெளிவந்த ‘ஹரிதாஸ்’ சென்னை பிராட்வே அரங்கில் மூன்று தீபாவளிகளைக் கண்டது. அதில் தியாகராஜ பாகவதர் சாருகேசியில் பாடிய பாடலை முணுமுணுக்காத வாய் அந்நாளில் இல்லை எனலாம்.

அக்காலத்து ஒலிப்பதிவு இன்றையது போன்றதன்று. பாடகரும் வாத்தியக்காரரும் ஓரிடத்தில் கூடி ஒரே மூச்சில் வாசித்தாக வேண்டும். பின்னணி இசைக்கோ, திரையில் காட்சி ஓட, அதைப் பார்த்துக்கொண்டே நடத்துநர் கைகாட்டுவார். வாள் மோதும் கணத்தில் ஒரு வயலின் பிந்தினாலும் தொடக்கத்திலிருந்து மீண்டும் வாசிக்க வேண்டியதுதான்.

1950இல் வெளிவந்த மாடர்ன் தியேட்டர்ஸ் ‘மந்திரிகுமாரி’யை எடுத்துக்கொள்வோம். மனைவியை மலையுச்சியிலிருந்து தள்ளிக் கொல்லக் கருதி அழைத்துச் செல்கிறான் ஒரு கொடியவன். திருச்சி லோகநாதனும் ஜிக்கியும் பாட, மெட்டு இளங்காற்றைப் போல் இனிக்கிறது. கொலையின் சாயல் அதில் சிறிதும் இல்லை. அவ்வினிமையே நம்மை அஞ்ச வைக்கிறது. அச்சத்துக்கு முரசு அறைவது எளிது, இதுவோ அரிது.

பின்னர் வந்தவை வீரர் கதைகள். ‘மதுரை வீரன்’ வெளியான 1956ஆம் ஆண்டிலேதான் நவம்பர் முதல் நாளன்று விளவங்கோடு தமிழகம் சேர, நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. எல்லைக்கோடு நிலத்தைப் பிரித்ததேயன்றிப் பாட்டைப் பிரிக்கவில்லை. 1958இல் ‘உத்தம புத்திர’னில் மேனாட்டு ஆட்டத் தாளத்தையும் எடுத்தாண்டார். கலியாணியில் ‘அம்பிகாபதி’க்குப் பாட்டமைத்த கை அதற்கு அடுத்த ஆண்டே இதையும் செய்தது.

1959இல் வந்த ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ அவர் புகழின் உச்சி. கயத்தாற்றில் 1799இல் தூக்கிலிடப்பட்ட பாளையக்காரரின் கதை தென்பாண்டி நாட்டில் முன்பே பாட்டாக வழங்கி வந்தது. ஆகவே, இசையமைப்பவர் மக்கள் நெஞ்சில் ஏற்கெனவே ஒலித்த ஒன்றோடு போட்டியிட வேண்டியிருந்தது. ஜாக்சன் துரையோடு சொற்போர் நிகழும் இடத்தில் வாத்தியங்கள் ஒதுங்கி, சிவாஜி கணேசனின் குரலுக்கு வழிவிடுகின்றன. எங்கே வாசிக்கலாகாது என்பதை அறிந்த அடக்கம் அது. காலட்சேப மேடையில் கற்றது என்றே எனக்குத் தோன்றுகிறது. பாடல்கள் சற்று மிகுதி என்பாரும் உளர், நானும் அக்கட்சியே. 1960இல் கெய்ரோவில் நடைபெற்ற ஆசிய ஆப்பிரிக்கப் பட விழாவில் சிவாஜிக்குச் சிறந்த நடிகர் பரிசும், இராமநாதனுக்குச் சிறந்த இசையமைப்பாளர் பரிசும் கிடைத்தன.

ஆயினும், காலம் மாறிக்கொண்டிருந்தது. விசுவநாதன்–இராமமூர்த்தி இரட்டையரின் மெல்லிசை நாடெங்கும் பரவிற்று. பாரதியார் பாடல்களுக்கு உயிரூட்டி 1961இல் அவர் இசையமைத்த ‘கப்பலோட்டிய தமிழன்’, இன்று போற்றப்படினும், அன்று பணம் ஈட்டவில்லை. அரசகதைப் படங்களும் அருகின. இராக வழியிலேயே நின்ற மனிதருக்கு வாய்ப்புகள் சுருங்கின.

1963 நவம்பர் 20ஆம் நாள் கோயம்புத்தூரில் அவர் மறைந்தார். அவர் இசையமைத்துவந்த ‘அருணகிரிநாதர்’, டி. ஆர். பாப்பாவின் இசையும் சேர்ந்து, அடுத்த ஆண்டு திரைக்கு வந்தது.