நூலகத்தை அவையாக்கிய அரங்கநாதனார்

தமிழகம் உலகுக்கு ஈந்த அறிஞர்களுள் நூலகத்துறை வரலாற்றில் நிலைத்த இடம் பெற்றவர் சீர்காழி இராமாமிர்த அரங்கநாதனார். நூல்களைப் பொருள்வாரியாகப் பகுக்கும் கோலன் பகுப்பு முறையை வகுத்தவர் என்றும், இந்திய நூலகவியலின் தந்தை என்றும் அவரைக் கற்றோர் அறிவர். ஆகஸ்டு 12 அவர் பிறந்த நாளாகக் கொள்ளப்பட்டு, நாடெங்கும் நூலகர் நாளாகக் கொண்டாடப்பெறுகிறது. ஆயினும் அவர்தம் பணியின் மற்றொரு பக்கம் அத்துணைப் பேசப்படவில்லை. நூலகம் நூல்களைக் காக்கும் அறை அன்று. மக்கள் கூடிப் படிக்கவும் கேட்கவும் கற்கவும் உரிய அவை என்பதே அவர் நிலைநாட்ட முயன்ற கொள்கை. எழுத்தறியாத உழவருக்கும் நூலகத்தில் ஓர் இருக்கை உண்டு என்று வாதிட்டவர் அவர். நூலகக் கூடங்களை நாடிக் கூடும் இலக்கிய வட்டங்களுக்கு இந்தப் பக்கமே நெருக்கமானது.

இளமையும் கல்வியும்

அன்றைய தஞ்சை மாவட்டத்துச் சீர்காழியில் 1892ஆம் ஆண்டு அரங்கநாதனார் பிறந்தார். தந்தையார் இராமாமிர்தம் நிலக்கிழார். ஊராரிடையே இராமாயணத்தை எடுத்துரைக்கும் வழக்கமுடையவர். அவர் 1898இல் இளம் வயதிலேயே மறைந்தார். அப்போது மகனுக்கு வயது ஆறு. தாயார் சீதாலட்சுமியின் அரவணைப்பில் வளர்ந்த அரங்கநாதனார் உள்ளூர்ப் பள்ளியில் பயின்று, சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் சேர்ந்தார். அங்குக் கணிதப் பேராசிரியர் எட்வர்டு ராஸ் அவருக்கு ஆசானாகவும் வாழ்நாள் வழிகாட்டியாகவும் வாய்த்தார். 1916இல் கணிதத்தில் முதுகலைப் பட்டமும், அடுத்த ஆண்டில் சைதாப்பேட்டையில் ஆசிரியப் பயிற்சியும் பெற்றார்.

இளமையில் திக்குவாய் அவருக்குப் பெருந்தடையாக இருந்தது. அதனை முயன்று வென்று ஆசிரியப் பணி ஏற்றார். மங்களூரிலும் கோவையிலும் கற்பித்தபின் 1921 முதல் சென்னை மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்தார். மாணவர் சூழ இருப்பதே அவருக்கு மகிழ்ச்சி தந்தது. பின்னாளில் அவர் நூலகத்தை வகுப்பறையாகவும் கண்டதற்கு வேர் இங்கேதான் உள்ளது.

விரும்பாமல் ஏற்ற பதவி

சென்னைப் பல்கலைக்கழகம் தனக்கு முதல் நூலகரை நியமிக்க முற்பட்டபோது, ஊதியம் கூடுதலாக இருந்தமையால் நண்பர்கள் வற்புறுத்த அரங்கநாதனாரும் விண்ணப்பித்தார். ஏறத்தாழ 900 பேர் விண்ணப்பித்த அப்பதவி அவருக்கே கிடைத்தது. நேர்காணலுக்கு முன்னர்க் கலைக்களஞ்சியம் ஒன்றைப் புரட்டி அறிந்ததற்கு மேல் நூலகம் பற்றி அவர் ஏதும் அறியார். 1924ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் பணியேற்ற அவருக்குச் சில நாள்களிலேயே சலிப்பு மிகுந்தது. நூல்கள் இருந்தன, நாடி வருவார் அரியர். மாணவர் முகங்களுக்குப் பழகிய கண்களுக்கு ஆளரவமற்ற அவ்வறை சிறையாகத் தோன்றியது. கல்லூரிக்கே திரும்ப விரும்பினார். இங்கிலாந்து சென்று பயின்று வருக, அதன்பின்னும் மனம் ஒப்பாவிடில் பழைய பணிக்கே மீளலாம் என்று உடன்பாடு செய்து அவரை அனுப்பி வைத்தனர்.

இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பெர்விக் சேயர்ஸ் அவருக்கு ஆசிரியரானார். வகுப்பில் கற்றதினும் வெளியே கண்டது அவரை மாற்றியது எனலாம். நூற்றுக்கு மேற்பட்ட நூலகங்களை அவர் நேரில் சென்று கண்டார். குழந்தைகளுக்குத் தனிப் பகுதி இருந்தது. அங்குக் கதை சொல்லினர். தொழிலாளர் மாலையில் வந்து தம் தொழிலுக்குரிய நூல்களைக் கேட்டுப் பெற்றனர். பெண்கள் வீட்டுக்கு நூல் எடுத்துச் சென்றனர். சொற்பொழிவுகள் நிகழ்ந்தன. ஊரின் உயிர்த்துடிப்பு நூலகத்தில் கேட்டது. குறை நூல்களில் இல்லை, நூலையும் மக்களையும் கூட்டுவிக்கும் பணி நடைபெறாமையில்தான் உள்ளது என்று அவர் தெளிந்தார். 1925இல் தாயகம் மீண்டபோது கல்லூரிக்குத் திரும்பும் எண்ணம் அவரிடம் இல்லை.

ஐந்து விதிகள் பிறந்த ஆண்டு

பல்கலைக்கழக நூலகத்தின் கதவுகள் அதன்பின் அகலத் திறந்தன. பூட்டிய பேழைகளினின்று நூல்கள் விடுதலை பெற்றன. படிப்போர் தாமே நிலைப்பேழைகளை அணுகி நூல்களைத் தேர்ந்து கொள்ளலாயினர். விடுமுறை நாள்களிலும் நூலகம் இயங்கியது. அரங்கநாதனாரோ ஓய்வென்பதே அறியாது உழைத்தார்.

இவற்றுக்கெல்லாம் அடிப்படையான நெறி யாது என்ற வினா அவரை வாட்டியது. கணிதம் பயின்ற உள்ளம் சிதறிக் கிடந்த பழக்கங்களுக்குப் பின்னே சில எளிய விதிகளைத் தேடியது. 1928ஆம் ஆண்டின் பிற்பகுதியில் தம் தவிப்பை ஆசான் ராஸிடம் அவர் எடுத்துரைத்தபோது, நூல் பயன்படுவதற்கே உரியது என்னும் முதல் விதியை ராஸ் புன்முறுவலோடு சுட்டிக்காட்டினாராம். ஏனைய நான்கும் அதனின்று கிளைத்தன. ஒவ்வொருவருக்கும் அவருக்குரிய நூல் கிடைக்க வேண்டும்; ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் கிடைக்க வேண்டும்; வாசகரின் காலம் வீணாகலாகாது; நூலகம் வளர்ந்துகொண்டே இருக்கும் உயிர்ப்பொருள் என்பன அவை.

அவ்வாண்டு நவம்பரில் அவர்தம் துணைவியார் ருக்மணி அம்மையார் கோயில் குளத்தில் தவறி விழுந்து உயிர்நீத்தார். அடுத்த திங்களிலேயே சிதம்பரம் மீனாட்சி கல்லூரியில் கூடிய கல்வி மாநாட்டில் ஆசிரியர்கள்முன் அவ்விதிகளை அவர் விளக்கியுரைத்தார். தனித்துயரைத் தாங்கிக்கொண்டு பொதுப்பணியில் ஆழ்ந்த அவ்வுறுதி ஈண்டு நினையத்தக்கது. அவ்வுரைகளின் விரிவே 1931இல் சென்னை நூலகச் சங்கம் வெளியிட்ட ஐந்து விதிகள் பற்றிய ஆங்கில நூல்.

படிக்கத் தெரியாதார்க்கும் நூல்

இரண்டாம் விதியை விளக்குமிடத்து அரங்கநாதனார் சமூகத்தின் வேலிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டுகிறார். மேலோர்க்கும் பொதுமக்களுக்கும் இடையே, ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையே, நகரத்தார்க்கும் நாட்டுப்புறத்தார்க்கும் இடையே, முதியோர்க்கும் சிறுவர்க்கும் இடையே நிற்கும் வேலிகள் அவை. பார்வையற்றோரையும் நோயாளரையும் சிறையிலிருப்போரையும் கடலில் செல்வோரையும் அவர் மறக்கவில்லை. எல்லாரும் என்ற சொல்லுக்கு அவர் கொண்ட பொருள் முழுமையானது.

ஆனால் 1931ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் எழுத்தறிந்தோர் நூற்றுக்குப் பத்துப் பேருக்கும் குறைவு. எல்லார்க்கும் நூல் என்னும் விதி அந்நாட்டில் எங்ஙனம் பொருந்தும்? இவ்வினாவுக்கு விடையாக அமைந்ததே நூலகத்தின் விரிவுப்பணி. எழுத்தறியாதார்க்கு நூலைப் படித்துக் காட்டுதல், ஒத்த ஆர்வமுடையோர் கூடிப் பயிலும் படிப்பு வட்டங்களை அமைத்தல், சொற்பொழிவுகள் நிகழ்த்துதல், சிறுவர்க்குக் கதை சொல்லுதல், விழாக்களையும் கண்காட்சிகளையும் நடத்துதல் ஆகியன அதன் கூறுகள். எழுத்தறிவு வரும்வரை நூலறிவு காத்திருக்க வேண்டியதில்லை என்பது இதன் உட்பொருள். கண்ணால் படிக்க இயலாதவர் காதால் படிக்கலாம். திண்ணையில் பாரதமும் இராமாயணமும் கேட்டு வளர்ந்த தமிழ் மக்களுக்கு இது புதிய வழக்கமும் அன்று. ஊராருக்கு இராமகாதை சொன்ன தந்தையின் மைந்தர் அப்பழைய வழக்கத்தை நூலகத்தின் கடமையாக உயர்த்தினார்.

விரிவுப்பணியை ஓர் அணிகலனாக அவர் கருதவில்லை என்பது குறிப்பிடத்தக்கது. ஒவ்வொரு நூலுக்கும் வாசகரைத் தேடித்தருக என்னும் மூன்றாம் விதியை நிறைவேற்றும் வழிகளுள் ஒன்றாகவே, திறந்த பேழை, நூற்பட்டியல், நோக்கீட்டுப் பணி ஆகியவற்றோடு இதனையும் வைத்தெண்ணினார். நூற்பட்டியல் இல்லாத நூலகம் எத்துணைக் குறையுடையதோ, மக்கள் கூடிக் கேட்க இடமில்லாத நூலகமும் அத்துணைக் குறையுடையது என்பது இதனால் பெறப்படும். கவிஞர்க்கும் இவ்விதியில் ஓர் ஆறுதல் உண்டு. எங்கோ ஒரு மூலையில் அச்சாகிய கவிதை நூலுக்கும் உரிய வாசகர் எங்கோ இருக்கிறார். அவரைத் தேடிச் சேர்ப்பது நூலகத்தின் பொறுப்பு.

வகுப்புகளும் வண்டியும்

கொள்கையோடு அவர் நின்றாரல்லர். 1928ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் சென்னை நூலகச் சங்கம் தோன்றுவதற்குக் காரணராய், அதன் செயலராய்ப் பல்லாண்டு பணியாற்றினார். 1929இல் அச்சங்கம் கோடைக்கால நூலகப் பயிற்சி வகுப்பைத் தொடங்கியது. பின்னர்ப் பல்கலைக்கழகம் அதனை ஏற்று நடத்தியது. கற்பிக்கும் ஆசையால் கல்லூரிக்குத் திரும்ப நினைத்தவர், நூலகத்திலேயே வகுப்பறையை உண்டாக்கிக் கொண்டார்.

1931 அக்டோபரில் மன்னார்குடியை அடுத்த மேலவாசலில் நடமாடும் நூலக வண்டி ஒன்று புறப்பட்டது. ஓய்வு பெற்ற பொறியாளர் கனகசபைப் பிள்ளை அதனை உருவாக்கினார். நூலகச் சங்கத்தின் இயக்கம் அவருக்கு ஊக்கம் தந்தது. நூல் நிறைத்த பேழைகளைச் சுமந்த மாட்டுவண்டி ஊர் ஊராகச் சென்றது. நெல்லும் வைக்கோலும் ஏற்றிய வண்டிகளே சென்ற தஞ்சைத் தரணியின் சாலைகளில் நூலேற்றிய வண்டியும் சென்றது. நூலைத் தேடி வாராதாரைத் தேடி நூலே சென்ற அந்நிகழ்ச்சி, இரண்டாம் விதிக்குக் கிடைத்த கண்கூடான சான்று.

சட்டமும் அதன்பின்னும்

நன்கொடையை நம்பிய பணி நாள்பட நில்லாது என்பதை அவர் நன்குணர்ந்திருந்தார். எனவே 1930இல் காசியில் கூடிய அனைத்து ஆசியக் கல்வி மாநாட்டில் மாதிரி நூலகச் சட்டம் ஒன்றை முன்வைத்தார். 1933இல் சென்னைச் சட்ட மன்றத்தில் பஷீர் அகமது சயீத் கொண்டுவந்த முன்வரைவு நிறைவேறவில்லை. பதினைந்து ஆண்டுகள் கழித்து, அவினாசிலிங்கம் கல்வி அமைச்சராயிருந்த காலத்தில், 1948இல் சென்னைப் பொதுநூலகச் சட்டம் நிறைவேறியது. விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் பொதுநூலகச் சட்டம் அதுவே. மாவட்டந்தோறும் நூலக ஆணைக்குழு அமைந்தது; வீட்டுவரியோடு நூலக வரி சேர்ந்தது. ஊரார் செலுத்தும் வரியில் இயங்குவதால் நூலகம் ஊராரின் உடைமையாயிற்று.

அச்சட்டம் வந்தபோது அரங்கநாதனார் சென்னையில் இல்லை. 1945இல் பதவியினின்று விலகிக் காசி இந்துப் பல்கலைக்கழகம் சென்று, ஏறத்தாழ ஒரு லட்சம் நூல்களைத் தாமே பகுத்து ஒழுங்குபடுத்தினார். பின்னர்த் தில்லியில் பணியாற்றினார். நாட்டுப்புற முதியோர் கல்வி பற்றித் தனிநூலும் எழுதினார். 1956இல் தம் வாழ்நாள் சேமிப்பான ஒரு லட்ச ரூபாயைச் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு வழங்கி, இரண்டாம் துணைவியார் சாரதா அம்மையார் பெயரும் இணைய நூலகவியல் பேராசிரியர் இருக்கையை நிறுவினார். 1957இல் பத்மஸ்ரீ விருதும் 1965இல் தேசிய ஆய்வுப் பேராசிரியர் என்னும் சிறப்பும் அவரை நாடி வந்தன. 1972 செப்டம்பர் 27ஆம் நாள் பெங்களூரில் அவர் மறைந்தார்.

மலைமேல் ஓர் உரைகல்

அரங்கநாதனாரின் விதிகளுக்கு உண்மையான உரைகல் பெருநகர நூலகம் அன்று. சென்னையில் 2010இல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகமும், மதுரையில் 2023இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகமும் குழந்தைகளுக்குத் தனிப்பகுதியும் நிகழ்ச்சிகளுக்கு அரங்கும் கொண்டு விளங்குகின்றன. அவை பெருமைக்குரியன. ஆனால் எல்லார்க்கும் நூல் என்னும் சொல் மெய்யா என்று அறிய, சாலை முடியும் இடம்வரை செல்ல வேண்டும்.

கொடைக்கானலிலிருந்து மன்னவனூரும் கவுஞ்சியும் கடந்து உள்ளே சென்றால் பூண்டி. அதற்கும் அப்பால் கிளாவரை. படிப்படியாய்ச் சரியும் வயல்களில் வெள்ளைப்பூண்டும் உருளைக்கிழங்கும் விளைவிக்கும் மக்கள் வாழும் ஊர்கள் இவை. பகலெல்லாம் வயலில் நிற்பவருக்குப் பகலில் மட்டும் திறக்கும் நூலகம் மூடிய நூலகமே. மன்னார்குடியின் மாட்டுவண்டி இம்மலையேறாது. ஆயினும் அவ்வண்டியின் நோக்கம் ஏறும். மாலையில் ஒரு விளக்கு, மண்ணும் பயிரும் பற்றிய நூல்கள் சில, சிறுவர்க்குக் கதைகள், மூத்தோர்க்குப் படித்துக் காட்ட ஒரு குரல், அவர்தம் பாட்டையும் வழக்கையும் கேட்டு எழுதிக்கொள்ள ஒரு கை, இவை அமையுமானால் நூலகம் அங்கே பிறந்துவிடும். கட்டடம் பின்னர் வரலாம்.

ஆதலின் மலையில் கூடிப் பத்தாண்டு நிறைவு காணும் இலக்கிய வட்டத்துக்கு அரங்கநாதனார் வாழ்வு வெறும் வரலாறு அன்று. அவர் நூலகத்தின் கடமையாக எண்ணிய படிப்பு வட்டமே இன்று இலக்கிய வட்டம் என்னும் பெயரில் நிலவுகிறது. தம்முள் கூடித் தாமே படித்துத் தாமே மகிழ்வதோடு நில்லாது, வாசலுக்கு வெளியே நிற்பவரையும் உள்ளே அழைத்து அமர்த்தும் நாளில்தான் அவர்தம் இரண்டாம் விதி நிறைவெய்தும். ஆளில்லா நூலகத்தில் தனித்திருக்க மனமொப்பாத ஒரு கணித ஆசிரியர், அந்த வெறுமையை நிரப்புவதற்கே தம் வாழ்நாளைத் தந்தார். அவர் விட்டுச் சென்ற பணி ஒவ்வோர் ஊரிலும் இன்னும் எஞ்சியிருக்கிறது.