மட்டையில்லாமல் தொடங்கிய ஆட்டம்: கொன்ஸ்ரன்ஸ் அப்பிள்பீ

போன மாதம் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூட வளவில் பெண்பிள்ளைகளுக்கு ஹொக்கி பழக்கிக்கொண்டிருந்தபோது ஒரு தாய் என்னை மதிலோரம் கூப்பிட்டுக் கதைத்தார். இந்த விளையாட்டில் மாகாண மட்டத்துக்குப் போகலாமா, சேர்ட்டிபிக்கற் கிடைக்குமா, பல்கலைக்கழக அனுமதிக்கு அது உதவுமா என்று கேட்டார். உதவாதென்றால் மகளை அந்த நேரத்தில் ரியூசனுக்கு அனுப்பலாம் என்பது அவருடைய யோசனை. அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 2009க்குப் பிறகு தனியாளாக நின்று மூன்று பிள்ளைகளை வளர்க்கிறவர். பின்னேரத்து ஒரு மணித்தியாலத்தைக்கூட எண்ணித்தான் செலவழிக்க வேண்டும்.

உடனே பதில் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து யோசித்தபோது கொன்ஸ்ரன்ஸ் அப்பிள்பீ நினைவுக்கு வந்தார். உடற்கல்விப் பயிற்சிக் காலத்தில் அவரைப் பற்றி முதலில் படித்தேன். அமெரிக்காவின் பெண்கள் கல்லூரிகளுக்கு ஹொக்கியைக் கொண்டுபோனவர் என்று அப்போது பரீட்சைக்காக ஒரு வரி பாடமாக்கியதோடு சரி. பிறகு இடம்பெயர்வுகளுக்கு நடுவே பிள்ளைகளுக்கு விளையாட்டுச் சொல்லிக்கொடுக்க வேண்டி வந்தபோதுதான் அந்த ஒரு வரிக்குள் என்ன இருந்தது என்று தேடத் தொடங்கினேன்.

அவர் பிறந்தது 1873 ஜூன் 4, இங்கிலாந்தின் எசெக்ஸ் பகுதியில் உள்ள சிக்வெல் என்ற ஊரில். சிறு வயதில் அடிக்கடி நோயில் விழுந்ததால் பள்ளிக்கூடம் போகாமல் வீட்டிலேயே படித்தார். ஓடியாட முடியாது என்று வீட்டில் இருத்தப்பட்ட அந்தப் பிள்ளை, பிறகு உடற்கல்வியைப் படித்து அதையே தொழிலாக்கிக்கொண்டது.

அவர் பிறந்த அதே 1873 இல் அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் எட்வர்ட் கிளார்க் என்ற மருத்துவர் ஒரு புத்தகம் வெளியிட்டார். ஹார்வார்ட் மருத்துவக் கல்லூரியில் பேராசிரியராக இருந்தவர் அவர். பெண்பிள்ளைகள் ஆண்களைப் போல மூளையைப் போட்டு வருத்திப் படித்தால் அவர்களுடைய கர்ப்பப்பை பழுதாகிவிடும் என்பது அந்தப் புத்தகத்தின் சாரம். படிக்கவே கூடாது என்ற இடத்தில் ஓடுவதைப் பற்றி யார் பேசுவது? எங்கள் பக்கத்தில் பெட்டைப்பிள்ளை வெயிலில் ஓடினால் கறுத்துப்போவாள், கலியாணம் பிந்தும் என்று அம்மம்மாமார் சொல்வதைக் கேட்டு வளர்ந்தவர்கள், இதே பேச்சுக்கு அங்கே ஒரு பேராசிரியரின் கையெழுத்து இருந்தது என்பதை அறிந்தால் சிரிப்பார்கள்.

இங்கிலாந்தில் நிலைமை கொஞ்சம் வேறு. அங்கே பெண்கள் நீளப் பாவாடையோடு ஹொக்கி ஆடத் தொடங்கியிருந்தார்கள். 1895 இல் தங்களுக்கென ஒரு சங்கம் அமைத்தார்கள். ஆண்களின் ஹொக்கிச் சங்கம் அதை அங்கீகரிக்க மறுத்தது. அவர்கள் அதற்காகக் காத்திருக்கவில்லை. தாங்களே விதி, தாங்களே நடுவர், தாங்களே நிர்வாகம் என்று நடத்தினார்கள். அப்பிள்பீ இந்தப் பழக்கத்திலிருந்து வந்தவர்.

1901 கோடையில், தனது 28 வயதில், ஹார்வார்ட் பல்கலைக்கழகத்தின் கோடைகால உடற்கல்வி வகுப்புக்கு அவர் போனார். நடத்தியவர் டட்லி சார்ஜன்ற் என்ற புகழ்பெற்ற ஆசிரியர். ஒரு நாள் வகுப்பில் பெண்களுக்கு ஏற்ற விளையாட்டுகள் எவை என்ற பேச்சு எழுந்தது. சங்கீதக் கதிரை, கைக்குட்டை போடுதல் என்று அடுக்கினார்கள். அதெல்லாம் எங்கள் நாட்டில் விருந்துகளில் ஆடுகிறவை, உடற்பயிற்சிக்கு நாங்கள் ஆடுவது ஹொக்கி என்று அப்பிள்பீ சொன்னாராம். அது என்ன என்று கேட்டார்கள். ஆடிக் காட்டச் சொன்னார்கள்.

ஆடிக் காட்ட மட்டை இல்லை. பந்தும் இல்லை. பனிக்கட்டியில் ஆடும் ஹொக்கிக்கான மட்டைகளையும் ஒரு பேஸ்போல் பந்தையும் எடுத்துக்கொண்டு, உடற்பயிற்சிக் கூடத்துக்கு வெளியே இருந்த முற்றத்தில் வகுப்புத் தோழர்களை இரண்டாகப் பிரித்து ஆட வைத்தார். புற்தரையும் இல்லை, அளவான கோலும் இல்லை.

இந்த இடம் வரும்போதெல்லாம் எனக்குப் பொருளாதாரத் தடைக் காலம் நினைவுக்கு வரும். 1990க்குப் பிறகு யாழ்ப்பாணத்துக்குச் சோப்பும் மண்ணெண்ணெயும் பற்றரியும் வராத நாட்களில் விளையாட்டுச் சாமான் எங்கே வரும்? கருக்குச் சீவிய பனைமட்டையும், பழைய துணியைச் சுற்றி சைக்கிள் ரியூப் ரப்பரால் கட்டிய பந்தும்தான். அந்தப் பந்து நேராக உருளாது. அதனால் எங்கள் பிள்ளைகளுக்கு எந்தத் திசையிலும் திரும்பப் பழகிவிட்டது. இதைச் சொல்லி நான் பெருமைப்படுவதாக யாரும் எடுக்க வேண்டாம். நல்ல பந்து இருந்திருந்தால் இன்னும் நன்றாக ஆடியிருப்பார்கள்.

அன்று அந்த முற்றத்தில் நின்றவர்களில் வாசர் பெண்கள் கல்லூரியின் உடற்கல்விப் பொறுப்பாளர் ஹரியற் பாலன்ரைனும் ஒருவர். அவர் அப்பிள்பீயைத் தன் கல்லூரிக்கு அழைத்தார். அந்த இலையுதிர் காலத்தில் வாசரிலிருந்து தொடங்கி ஸ்மித், வெலெஸ்லி, மவுண்ட் ஹோலியோக், ராட்கிளிஃப், பிரின் மார் என்று கல்லூரி கல்லூரியாகப் போய் ஆட்டத்தைச் சொல்லிக்கொடுத்தார். அவருக்கு முன்னரும் அந்த நாட்டில் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பெண்கள் ஹொக்கி ஆடியிருக்கிறார்கள். நிலைத்தது அவர் போன பிறகுதான்.

இந்தக் கல்லூரிப் பட்டியலில் மவுண்ட் ஹோலியோக் என்ற பெயரைக் காணும்போது நான் நின்றுவிடுவேன். அமெரிக்கப் பெண்கல்வியின் தாய்வீடு என்று சொல்லப்படும் அந்தக் கல்லூரி தொடங்கியது 1837 இல். அமெரிக்க மிசனைச் சேர்ந்த ஹரியற் வின்ஸ்லோ எங்கள் உடுவிலில் பெண்பிள்ளைகளுக்கு விடுதிப் பள்ளி தொடங்கியது 1824 இல். கணக்குப் பார்த்தால் உடுவில் 13 ஆண்டு மூத்தது. எங்களுக்கு எல்லாம் பிந்தித்தான் வந்தது என்று நினைக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நல்ல முந்தித் தொடங்கியவர்கள் நாங்கள்.

திரும்பிப் போக வந்த அப்பிள்பீ திரும்பவில்லை. 1904 இல் பிலடெல்பியாவுக்குப் பக்கத்தில் உள்ள பிரின் மார் கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்தார். கல்லூரித் தலைவி கேரி தோமஸ் இளம் வயதில் கிளார்க்கின் புத்தகத்தால் அலைக்கழிக்கப்பட்டவர். படித்தால் உண்மையிலேயே உடம்பு கெட்டுவிடுமோ என்று அஞ்சி, அதை மீறிப் படித்தவர். அந்த அச்சம் பொய் என்று காட்ட அவருக்கு மைதானத்தில் ஓடும் பிள்ளைகள் தேவைப்பட்டார்கள். அப்பிள்பீ ஓட வைத்தார். அங்கே இருபது ஆண்டுகளுக்கு மேல் இருந்தார்.

அவர் மென்மையான ஆசிரியர் அல்ல. மைதானத்தின் இந்தக் கரையில் நின்று அந்தக் கரைக்குக் கேட்கக் கத்துவார். சோம்பி நின்றவளைக் காய்கறிப் பெயர் சொல்லித் திட்டுவார். மாணவிகள் அவரை ஆப்பிள் என்று பட்டப்பெயர் வைத்து அழைத்தார்கள். பயமும் செல்லமும் கலந்த பெயர். கெட்டிக்காரிகளை மட்டும் பொறுக்கி ஓர் அணி கட்டுவது அவருடைய வழியல்ல. வகுப்புக்கு வகுப்பு ஆட்டம். முதல் அணிக்குக் கீழே இரண்டாம் அணி, அதற்குக் கீழே இன்னொன்று. பந்தைத் தடுக்கத் தெரியாதவளுக்கும் ஓர் இடம் இருந்தது, திட்டும் இருந்தது.

1920 இல் பிலடெல்பியாப் பெண்களின் அணியொன்று கப்பலேறி இங்கிலாந்துக்குப் போய் ஆடியது. பெரும்பாலான ஆட்டங்களில் தோற்றது. தோற்றாலும் அந்தப் பயணம் வீண்போகவில்லை. 1922 இல் அமெரிக்கப் பெண்கள் ஹொக்கிக்கு நாடு தழுவிய சங்கம் உருவானது. 1923 இல் பென்சில்வேனியாவின் போகோனோ மலைப்பகுதியில் அப்பிள்பீ ஒரு ஹொக்கி முகாம் தொடங்கினார். பள்ளிப்பிள்ளைகளும் கல்லூரி மாணவிகளும் ஆசிரியைகளும் ஒரே மைதானத்தில் பழகினார்கள். நாட்டுக்கு ஆடியவளும் நேற்றுத்தான் மட்டை பிடித்தவளும் அங்கே பக்கத்துப் பக்கத்தில் நின்றார்கள். அங்கே பழகிப்போன ஆசிரியைகள் தத்தம் ஊரில் பழக்கினார்கள். அடுத்த ஆண்டு பெண்கள் விளையாட்டுக்கென ஒரு சஞ்சிகையும் நடத்தத் தொடங்கினார்.

இத்தனையும் நடந்தபோதும் கல்லூரிகளுக்கிடையே தேசிய சம்பியன் என்ற ஒன்று இல்லை. எனக்கு முதலில் நம்ப முடியவில்லை. சங்கம் ஆண்டுதோறும் போட்டி நடத்தியது. பல பகுதிகளின் அணிகள் வந்து ஆடின. அது முடியும்போது நாட்டுக்கான அணியைத் தெரிவு செய்தார்களே தவிர, யாருக்கும் கோப்பை கொடுத்து நீதான் முதல் என்று சொல்லவில்லை. ஆட்டம் முடிந்ததும் இரு பக்கமும் சேர்ந்து தேநீர் குடிப்பது வழக்கம். அந்தக் காலத்து அமெரிக்கப் பெண் உடற்கல்வியாளர்கள் பலர், கல்லூரிகள் ஒன்றையொன்று வெல்லப் போட்டியிடுவதே பெண்பிள்ளைகளுக்குக் கேடு என்று நினைத்தார்கள். அதில் பாதி அக்கறை, பாதி பழைய கிளார்க்கின் அச்சம் என்பது என் அபிப்பிராயம். அப்பிள்பீ வெற்றிக்காக ஆடுவதை வெறுத்தவர் அல்ல. மைதானத்தில் விட்டுக்கொடுப்பதை அவர் பொறுத்ததில்லை. கோப்பையில்லாமலே அரை நூற்றாண்டுக்கு மேல் பிள்ளைகளை மைதானத்துக்கு வரவைத்தார் என்பதுதான் ஓர் ஆசிரியையாக என்னை மலைக்க வைக்கிறது.

மாற்றம் வந்தது சட்டத்தால். அரச பணம் பெறும் கல்வி நிறுவனங்களில் ஆண் பெண் பாகுபாடு கூடாது என்று 1972 இல் அமெரிக்காவில் சட்டம் வந்தது. விளையாட்டுக்கும் அது பொருந்தியது. பெண்களே நடத்திய கல்லூரி விளையாட்டுச் சங்கத்தின் முதல் தேசிய ஹொக்கி சம்பியன் பட்டத்தை 1975 இல் வெஸ்ட் செஸ்ரர் கல்லூரி வென்றது. தொடர்ந்து நான்கு ஆண்டுகள் அவர்களே வென்றார்கள். அப்போது அப்பிள்பீக்கு நூறு வயது கடந்துவிட்டது. தொண்ணூறைத் தாண்டியும் மைதானத்தில் நின்று பழக்கிய அந்த மனுசி, கடைசிக் காலத்தில் இங்கிலாந்துக்குத் திரும்பி நியூ ஃபொறெஸ்ற் பகுதியில் வாழ்ந்துகொண்டிருந்தார்.

1981 ஜனவரி 26 அன்று, 107 வயதில் அங்கே இறந்தார். அதே ஆண்டு நவம்பரில், அதுவரை ஆண்களின் போட்டிகளை மட்டும் நடத்திவந்த பெரிய கல்லூரிச் சங்கம் பெண்கள் ஹொக்கிக்குத் தன் முதல் சம்பியன் போட்டியை வைத்தது. இறுதியாட்டத்தில் மசாசூசெற்ஸைத் தோற்கடித்துக் கனெக்ரிகட் பல்கலைக்கழகம் வென்றது. இன்று அமெரிக்கக் கல்லூரிப் பெண்கள் ஹொக்கி வரலாறு என்று எழுதுகிறவர்கள் பலர் அந்த ஆண்டிலிருந்துதான் எண்ணத் தொடங்குகிறார்கள். பெண்கள் தாங்களே நடத்திய சங்கமோ அடுத்த ஆண்டே செயலிழந்தது. பணமும் தொலைக்காட்சியும் பெரிய சங்கத்தின் பக்கம் போய்விட்டன. முதல் எண்பது ஆண்டுகளுக்குப் பட்டியல் இல்லை.

1981 என்ற இலக்கத்தை எங்கள் ஆட்களால் வேறு எதையும் நினைக்காமல் வாசிக்க முடியாது. அப்பிள்பீயின் சாவுக்கும் அந்த முதல் கோப்பைக்கும் நடுவில், மே மாதத்தின் கடைசி இரவில்தான் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தது. சுமார் 97,000 நூல்கள். நூலகத்துக்கு அருகில்தான் துரையப்பா விளையாட்டரங்கு இருக்கிறது. 1999 இல் அதைத் திருத்தத் தோண்டியபோது மண்ணுக்குள் இருந்து மனித எலும்புக்கூடுகள் வந்தன. வலிகாமம் வடக்கில் 1990 இல் விட்டுப்போன மைதானங்கள் பல ஆண்டுகள் முள்வேலிக்குள் கிடந்தன. அமெரிக்கப் பிள்ளைகள் கோப்பைகளை எண்ணத் தொடங்கிய அதே காலத்தில் எங்களுக்குக் கால் வைக்க நிலம் பறிபோனது.

ஆனாலும் ஓட்டம் நிற்கவில்லை. தெல்லிப்பழை மகாஜனாவின் பெண்கள் உதைபந்தாட்டத்தில் தேசிய மட்டத்தில் வென்றிருக்கிறார்கள். வலைப்பந்தாட்டத்தில் தர்ஜினி சிவலிங்கம் இலங்கை அணியின் நட்சத்திரமாக உலகக் கோப்பைகளில் ஆடினார். இவர்களுடைய பெயர்கள் பத்திரிகையில் வந்தன, வரவும் வேண்டும். இடம்பெயர்ந்த பள்ளிக்கூடங்களின் கொட்டில்களுக்குப் பக்கத்தில் கயிறு கட்டிக் கோடு கீறிப் பிள்ளைகளை ஆட வைத்த ரீச்சர்மாரின் பெயர்கள் எங்கும் வரவில்லை. அவர்களில் சிலர் இப்போது கனடாவிலும் சிலர் மண்ணுக்குள்ளும் இருக்கிறார்கள்.

அடுத்த கிழமை அந்தத் தாயிடம் போனேன். சேர்ட்டிபிக்கற்றுக்கு என்னால் வாக்குக் கொடுக்க முடியாது என்று சொன்னேன். எங்களிடம் உள்ள மைதானத்துக்கும் சாமானுக்கும் மாகாண மட்டம் போக எத்தனை ஆண்டு எடுக்கும் என்றும் மறைக்காமல் சொன்னேன். செவ்வாயும் வியாழனும் நாலு மணி முதல் ஐந்து மணி வரைதான், ரியூசன் ஐந்தரைக்கு என்றால் இரண்டுக்கும் வரலாம் என்றேன். யோசிக்கிறேன் என்றார்.

செவ்வாய்க்கிழமை பிள்ளை வந்தாள். தோளில் ரியூசன் பை. மட்டை எட்டு, பிள்ளைகள் பதினேழு. அவளை இரண்டாவது பிரிவில் விட்டேன். முறை வரும்வரை எல்லைக் கோட்டில் நின்று மற்றவர்களைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தாள்.