உ.வே.சா. சமணம் கற்ற கதை



பொழுது சாய்வதற்குள் இரவுச் சாப்பாட்டை முடித்துவிடும் ஜைனக் குடும்பங்களை நீங்கள் அறிந்திருப்பீர்கள். வடநாட்டிலிருந்து வந்த வழக்கம் என்றும் நினைத்திருப்பீர்கள். ஆனால் தமிழையே தாய்மொழியாகக் கொண்ட ஜைனர்கள், நயினார் என்ற பட்டத்துடன், காஞ்சிபுரம், விழுப்புரம், திருவண்ணாமலைப் பக்கங்களில் பல நூற்றாண்டுகளாக வாழ்கிறார்கள். அப்படிப்பட்ட தமிழ் ஜைனர்களிடம் போய்ப் பாடம் கேட்டவர்தான் நம் தமிழ்த் தாத்தா உ.வே.சாமிநாதையர்.

1855-இல் பிறந்தவர். ஊர், அன்றைய தஞ்சை மாவட்டத்து உத்தமதானபுரம். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் தமிழ் படித்தார், திருவாவடுதுறை சைவ மடத்தில் வளர்ந்தார். 1880-இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியர் ஆனார். அதே ஆண்டு அங்கே முன்சீப்பாக வந்த சேலம் இராமசாமி முதலியார், என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்க, ஐயர் அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், புராணம் என்று அடுக்கினார். முதலியார் அசரவில்லை. சீவக சிந்தாமணி படித்தீர்களா என்று கேட்டு, ஏட்டுப் பிரதி ஒன்றையும் தேடிக் கொடுத்தார்.

அங்கேதான் சிக்கல். சிந்தாமணி ஜைனக் காப்பியம். சைவர்கள் அதைப் பொய்ந்நூல் என்று ஒதுக்கிய காலமும் உண்டு. இலக்கணமெல்லாம் கைவந்தவருக்கு, அந்தச் சமயம் தெரியாமல் பல பாட்டுக்குப் பொருள் பிடிபடவில்லை. அவர் என்ன செய்தார் தெரியுமா? கும்பகோணத்திலேயே இருந்த ஜைனர்களின் வீட்டுக்குப் போனார். ஒரு நாள் வாசலில் தோரணம் கட்டியிருந்தது. என்ன பண்டிகை என்று விசாரித்தால், பல மாதங்களாகப் படித்து வந்த சிந்தாமணி அன்று பூர்த்தியாம்! தான் வரிவரியாகத் தடுமாறும் நூல், அங்கே வீட்டு வழிபாடாக இருந்தது. அன்றிலிருந்து சந்திரநாத செட்டியார் முதலியவர்களிடம் மாணவனாகவே உட்கார்ந்துவிட்டார்.

அங்கே என்ன கற்றார்? ஜைனத்தில் உலகைப் படைத்த கடவுள் இல்லை. ஆதிநாதர் முதல் மகாவீரர் வரை 24 தீர்த்தங்கரர்கள் வழிகாட்டிகள் மட்டுமே. வினை என்பது உயிரின்மேல் நிஜமாகவே ஒட்டிக்கொள்ளும் பொருள். அது வந்து சேர்வது ஊற்று, வராமல் தடுப்பது செறிப்பு, தவத்தால் தீர்வது உதிர்ப்பு. எங்கள் வங்கிப் பாஷையில் சொன்னால், கணக்கு உங்கள் பெயரில். தள்ளுபடி செய்ய மேலே மேலாளர் யாரும் கிடையாது. நற்காட்சி, நன்ஞானம், நல்லொழுக்கம் மூன்றும் மும்மணி. கொல்லாமை, பொய்யாமை, களவாடாமை, காமத்தில் அடக்கம், மிகுபொருள் விரும்பாமை என்று ஐந்து விரதங்கள். துறவிக்கு இவை முழுமையாக, இல்லறத்தாருக்குத் தளர்த்தி. இருட்டிய பிறகு உண்ணாததும் கொல்லாமையால்தான். விளக்கில்லாத காலத்தில் சோற்றில் விழும் பூச்சி தெரியாது.

சிந்தாமணியில் ஒரு நாய் வருகிறது. அடிபட்டுச் சாகக் கிடக்கும் அதன் காதில் சீவகன் மந்திரம் ஓதுகிறான். அது சுதஞ்சணன் என்ற தேவனாகப் பிறக்கிறது. நாய்க்கும் நமக்கும் உயிர் ஒரே தரம் என்பதுதான் விஷயம். (நம் வாட்ஸ்அப் குழுவில் தெருநாய் விவாதம் நடத்துவோர் கவனிக்கலாம்.)

பழைய உரையாசிரியர் நச்சினார்க்கினியரும் இப்படித்தான் செய்தார் என்று ஜைனர்களிடையே ஒரு வழக்கு உண்டு. முதலில் எழுதிய உரையை அவர்கள் ஒப்பவில்லை; சித்தாமூர் ஜைனர்களிடம் படித்துவிட்டுத் திருத்தி எழுதினாராம்.

ஐயரின் பதிப்பு 1887-இல் வந்தது. அவர் கடைசிவரை திருநீறு பூசிய சைவராகவே இருந்தார். யாரும் அவரை மதம் மாறச் சொல்லவில்லை. வீடுபேற்றுக்குத் தகுதியான உயிரை ஜைனர்கள் பவ்ய ஜீவன் என்பார்கள். அந்தப் பெயரை அவருக்கே கொடுத்தார்கள். பல்கலைக்கழகம் 1932-இல் தந்த டாக்டர் பட்டத்தைவிட இது எனக்குப் பெரிதாகப் படுகிறது. பிறகு மணிமேகலைக்காகப் பௌத்தமும் கற்றார். 1942-இல், போர் அச்சத்தால் சென்னையை விட்டுத் திருக்கழுக்குன்றம் போயிருந்தபோது காலமானார்.

இதையெல்லாம் கண்ணால் பார்க்க வேண்டுமானால், இருங்காட்டுக்கோட்டையிலிருந்து பெங்களூரு நெடுஞ்சாலை வழியாகக் காஞ்சிபுரம் போய், திருப்பருத்திக்குன்றம் என்று கேளுங்கள். அங்குள்ள வர்த்தமானர் கோயில் மண்டபத்தின் கூரையில் தீர்த்தங்கரர் வரலாறு ஓவியமாக இருக்கிறது. காலையிலேயே கிளம்புங்கள், அண்ணாந்து பார்க்க நல்ல வெளிச்சம் வேண்டும்.