வாசலில் நிறுத்தப்பட்ட அங்கத்தவர்: தானியேல் ஓகொனெல்

தேர்தலில் வென்றவர் நேரே பாராளுமன்றம் சென்று ஆசனத்தில் அமர்ந்துவிடுவார் என்றுதான் நாம் எண்ணுகிறோம். வென்ற பின்பும் 19 மாதங்கள் காத்திருந்தே தம் ஆசனத்தில் அமர்ந்த ஒருவரின் வரலாற்றை, அன்பான வாசகரே, இன்று உங்கள் முன் வைக்கிறோம். அயர்லாந்து மக்கள் விடுதலை வீரர் எனப் போற்றிய தானியேல் ஓகொனெல்தான் அவர்.

1775 ஓகஸ்ட் 6ஆம் நாள் கெரி மாவட்டத்தில் ஒரு கத்தோலிக்க குடும்பத்தில் அவர் பிறந்தார். பெரிய தகப்பனாரின் ஆதரவில் பிரான்சுக்குக் கல்வி கற்கச் சென்ற அவர், அங்கே புரட்சி பொங்கி எழுந்ததால் 1793இல் வெளியேறினார். இரத்தம் சிந்திப் பெறும் எந்த உரிமையிலும் அவருக்கு அதன்பின் நம்பிக்கை இருக்கவில்லை. 1798இல் சட்டத்தரணியானார். 1802இல் மேரி என்னும் உறவுக்காரப் பெண்ணை மணந்தார். 1815இல் ஒரு துப்பாக்கிச் சண்டையில் எதிராளியைச் சுட்டுக் கொன்றார். அந்தத் துயரம் சாகும்வரை அவரை விட்டு நீங்கவில்லை.

அக்காலச் சட்டத்தை நீங்கள் அறிய வேண்டும். 1793 முதல் அயர்லாந்தின் கத்தோலிக்கர் வாக்களிக்கலாம். ஆனால் பாராளுமன்றத்தில் அமர முடியாது. அமர விரும்புவோர் திருப்பலியையும் தேவமாதாவை நோக்கி மன்றாடுவதையும் விக்கிரக ஆராதனை என்று அறிக்கையிட வேண்டும். இதை மாற்றவே ஓகொனெல் 1823இல் கத்தோலிக்க சங்கத்தை அமைத்தார். மறு ஆண்டு முதல் ஏழைகளும் மாதம் ஒரு பென்னி செலுத்தி அதில் சேர்ந்தனர்.

1828 ஜூலையில் கிளேயர் தொகுதியில் அவரே போட்டியிட்டார். நிலச் சொந்தக்காரருக்கு அஞ்சி வாழ்ந்த குடியானவர்கள், குருமார் முன்செல்ல, துணிந்து வந்து வாக்களித்தனர். அவருக்கு 2057 வாக்குகள்; எதிர்த்து நின்ற மந்திரிக்கு 982.

உள்நாட்டுக் கலகத்துக்கு அஞ்சிய வெலிங்டன் அரசாங்கம் 1829 ஏப்ரலில் கத்தோலிக்கருக்குப் பாராளுமன்றக் கதவைத் திறந்தது. ஆனால் அதற்கு ஒரு விலையும் கேட்டது. வாக்குரிமைக்கு வேண்டிய நில மதிப்பு 40 ஷில்லிங்கிலிருந்து 10 பவுணாக உயர்த்தப்பட்டது. ஓகொனெலை வெல்லவைத்த ஏழைகள் பலர் தம் வாக்கை இழந்தனர். 1825இல் இத்தகைய பேரத்துக்கு அவரே ஒருமுறை இணங்கியிருந்தார் என்பதையும் நாம் மறைக்கக் கூடாது.

1829 மே 15ஆம் நாள் அவர் பொதுமக்கள் சபைக்குச் சென்றார். புதிய சட்டத்துக்கு முன்பே தெரிவானவர் என்று காரணம் காட்டி, பழைய சத்தியப்பிரமாணத்தையே அவர் முன் நீட்டினார்கள். மனச்சாட்சிக்கு விரோதமான அதை அவர் மறுத்தார். சபை அவரைத் திருப்பி அனுப்பியது. கிளேயர் மக்கள் ஜூலையில் போட்டியின்றி அவரை மீண்டும் தெரிவு செய்தனர். 1830 பெப்ரவரி 4ஆம் நாள் அவர் தம் ஆசனத்தில் அமர்ந்தார். அப்போது அவருக்கு 54 வயது.

உள்ளே சென்றதும் சோதனைகள் தீர்ந்துவிட்டனவென்று எண்ணாதீர்கள். திறந்த வெளியில் ஆயிரக்கணக்கானோர் முன் முழங்கிய குரல் அந்த மண்டபத்தில் எடுபடாது என்று பலர் எண்ணினர். அவரோ சபையின் நடைமுறைகளைக் கற்று, தவறாமல் சமுகமளித்து, நீண்ட இரவு விவாதங்களில் பங்குகொண்டு, சபை செவிகொடுக்கும் பேச்சாளரானார். அங்கத்தவருக்கு அந்நாளில் சம்பளம் இல்லை. 1911இல்தான் அது வந்தது. நல்ல வருமானம் தந்த சட்டத் தொழிலைக் கைவிட்ட அவரை, மக்கள் ஆண்டுதோறும் திரட்டிய காணிக்கை தாங்கியது. அதற்காகவே எதிரிகள் அவரைப் பிச்சைக்காரர் என ஏசினர். கடல் தாண்டி மனைவி மக்களைப் பிரிந்திருந்த காலங்களில் கடிதங்களே ஆறுதல் தந்தன. அவரும் கடுஞ்சொல்லுக்குப் பேர்போனவர்தான். ஆனால் சண்டைக்கு அழைத்தவர்களிடம் மறுபடி துப்பாக்கி ஏந்த மறுத்து, கோழை என்ற பட்டத்தையும் தாங்கிக்கொண்டார்.

தாம் பெற்ற உரிமையைத் தம் மக்களுக்கென்று மட்டும் அவர் வைத்துக்கொள்ளவில்லை. யூதர் பாராளுமன்றத்தில் அமரவும், அடிமைகள் விடுதலை பெறவும் வாதாடினார். 1833இல் அடிமை ஒழிப்புச் சட்டத்தை ஆதரித்தார். அமெரிக்க நன்கொடைகள் குறையும் என்று தெரிந்தும் அந்நாட்டு அடிமை வியாபாரத்தைக் கண்டிப்பதை விடவில்லை.

1847 பெப்ரவரியில், பஞ்சத்தால் மாண்டுகொண்டிருந்த தம் மக்களுக்கு உதவி கேட்டு இறுதியாகச் சபையில் பேசினார். அருகில் இருந்தவர்களுக்கே கேட்காத அளவுக்கு அவர் குரல் தளர்ந்திருந்தது. சபையோ அமைதியாகச் செவிமடுத்தது. உரோமாபுரிக்குப் புறப்பட்டவர் வழியிலே ஜெனோவா நகரில் மே 15ஆம் நாள் இறந்தார். அவரது இருதயம் உரோமாபுரிக்கும் உடல் டப்ளினுக்கும் கொண்டுசெல்லப்பட்டன.

வாசகரே, உங்கள் வாக்கைக் கேட்டு ஒருவர் படலைக்கு வரும்போது இவரை நினைத்துக்கொள்ளுங்கள். ஆசனத்துக்காக மனச்சாட்சியை விற்காதவரா, ஆசனம் கிடைத்தபின் பிறருடைய துயரத்துக்கும் வாய் திறப்பவரா என்று கேட்டுப் பாருங்கள். கிளேயர் ஏழைகள் இழந்த வாக்கு உங்கள் கையில் இருக்கிறது.