முறை பார்த்து அடித்த பூலித்தேவர்

ஆடுபுலி ஆட்டம் தெரியாத பிள்ளைகள் ஒரு காலத்தில் தென்காசிச் சீமையில் இல்லை. பழைய கோவில்களின் கல் தரையில் அந்தக் கோடுகளைப் பார்க்கலாம். புலி 3. ஆடு 15. ஒருவர் காய் நகர்த்தினால், அடுத்த முறை எதிராளிக்கு. அவசரப்பட்டால் ஆடு போய்விடும். பொறுத்திருந்து நகர்த்தினால் புலியே அசைய முடியாமல் கட்டுப்பட்டுவிடும்.

இன்று பிள்ளைகள் பலர் சேர்ந்து கணினியில் ஆடும் போர் விளையாட்டுகளிலும் இதே கதைதான். யார் முறை, எப்போது அடிப்பது, கூட்டாளி கடைசி வரை கூட நிற்பானா என்பவைதான் அங்கும் கேள்விகள்.

இந்த ஆட்டத்தை உண்மையான கோட்டைகளையும் உண்மையான வீரர்களையும் வைத்து 12 ஆண்டுகள் ஆடினார் ஒருவர். அவர்தான் நெற்கட்டும்செவல் பாளையக்காரர் பூலித்தேவர்.

சிறிய பாளையம், பெரிய மனம்

குற்றாலத்தில் சாரல் அடிக்கும் மலைத்தொடர் வடக்கே நீண்டுகொண்டே போகிறது. அதன் கிழக்கு அடிவாரத்தில், வாசுதேவநல்லூருக்கு அருகே இருக்கிறது நெற்கட்டும்செவல். இன்று அது தென்காசி மாவட்டம். ஒரு பக்கம் மலையும் காடும். மறு பக்கம் வயலும் கரிசலும்.

பூலித்தேவரின் முழுப் பெயர் காத்தப்ப பூலித்தேவர். தந்தை சித்திரபுத்திரத் தேவர். தாய் சிவஞான நாச்சியார். 1715-ம் ஆண்டு செப்டம்பர் 1-ந் தேதி பிறந்தார் என்று சொல்வார்கள். சிறு வயதிலேயே பாளையப் பொறுப்பு அவர் தலையில் விழுந்தது.

மதுரை நாயக்கர்கள் காலத்தில் நாட்டைப் பாளையங்களாகப் பிரித்தார்கள். ஒவ்வொரு பாளையத்துக்கும் ஒரு தலைவர். காவல் அவருடையது. போர் வந்தால் ஆள் அனுப்ப வேண்டும். நெற்கட்டும்செவல் இவற்றில் பெரியது அல்ல. ஆனாலும் மேற்கே இருந்த பாளையங்கள் பலவும் பூலித்தேவர் சொல்லுக்குக் காது கொடுத்தன. நிலத்தின் அளவு அதற்குக் காரணம் அல்ல. அவருடைய துணிவும் யோசனையுமே காரணம்.

கப்பம் கேட்டு வந்தது படை

நாயக்கர் ஆட்சி முடிந்தது. தெற்குச் சீமை தனக்கே சொந்தம் என்றார் ஆற்காடு நவாப் முகமது அலி. அவருக்கு ஆங்கிலக் கும்பினியிடம் பெரிய கடன் இருந்தது. கடனை அடைக்கப் பணம் வேண்டும். பாளையக்காரர்களிடம் கப்பம் வசூலிக்கக் கும்பினிப் படையைத் துணைக்கு அழைத்தார்.

1755-ல் கர்னல் ஹெரான் படையோடு புறப்பட்டான். நவாப்பின் அண்ணன் மாபூஸ்கானும் கூட வந்தார். சில பாளையக்காரர்கள் பணிந்தார்கள். சிலர் தவணை சொன்னார்கள். நெற்கட்டும்செவல் கோட்டை முன் வந்து நின்ற ஹெரான் 20,000 ரூபாய் கேட்டான்.

பூலித்தேவர் எதிரியின் கையில் என்னென்ன காய்கள் இருக்கின்றன என்று முதலில் கணக்குப் பார்த்தார். மண் மதிலை இடிக்கப் போதுமான பீரங்கி அவனிடம் இல்லை. படைக்குச் சாப்பாடும் குறைந்துவிட்டது. இன்னும் சில நாள் பொறுத்தால் அவனே போய்விடுவான்!

ஒரு காசும் தர முடியாது என்று மறுத்துவிட்டார். அவர் நினைத்தபடியே ஹெரான் வெறுங்கையோடு மதுரைக்குத் திரும்பினான். பின்னர் கும்பினி அவனை விசாரணை செய்து வேலையைவிட்டே நீக்கியது. ஊர்ப் பெயர் நெற்கட்டும்செவல். அன்று முதல் அது நெல் கட்டாத செவல் ஆயிற்று என்று மக்கள் பெருமையாகச் சொல்வார்கள்.

பல கை சேர்ந்த கூட்டணி

ஹெரான் போனான். ஆனால் வேறு ஒருவன் வருவான். பூலித்தேவருக்கு இது தெரியும். தனியாக நின்றால் ஒவ்வொரு பாளையமாக விழும். ஆகவே ஊர் ஊராக ஆள் அனுப்பினார். வடகரை, தலைவன்கோட்டை, கொல்லங்கொண்டான், சேத்தூர், ஊத்துமலை, சுரண்டை என்று மேற்குப் பாளையங்கள் ஒன்று சேர்ந்தன. மலைக்கு அப்பால் திருவிதாங்கூர் அரசும் துணைக்கு வந்தது.

வடகரை தென்காசிக்குப் பக்கத்து ஊர். செங்கோட்டை வழியாக ஆரியங்காவுக் கணவாய் இருக்கிறது. திருவிதாங்கூர்ப் படை வரவும் போகவும் வாசல் அதுதான். இந்த வாசல் நண்பர் கையில் இருக்கும் வரை பூலித்தேவருக்கு முதுகுப் பக்கம் பயம் இல்லை.

கிழக்கே பாஞ்சாலங்குறிச்சியும் எட்டயபுரமும் சேரவில்லை. கிழக்குப் பாளையங்களுக்கும் மேற்குப் பாளையங்களுக்கும் நெடுநாள் போட்டி உண்டு. அந்தப் போட்டி எதிரிக்கு லாபமாயிற்று. 1756 மார்ச்சில் திருநெல்வேலிக்கு வடக்கே நடந்த போரில் கூட்டணி தோற்றது. திறந்த வெளியில் நின்று போரிட்டால் துப்பாக்கியும் பீரங்கியும் வைத்திருப்பவனுக்கே வெற்றி. பூலித்தேவர் இதை மறக்கவில்லை.

வேடிக்கை ஒன்றும் நடந்தது. சீமையின் குத்தகை வேறு ஆளுக்குப் போகவே, மாபூஸ்கானுக்குத் தம்பிமீது கோபம் வந்தது. கப்பம் கேட்டு வந்த அவரே பூலித்தேவரிடம் வந்து சேர்ந்தார். எதிரியின் காய் இவர் கைக்கு வந்தது!

கான்சாகிப் வந்தான்

1756-ல் கும்பினி அனுப்பிய ஆள் சாதாரணமானவன் அல்ல. அவன் பெயர் யூசுப்கான். மருதநாயகம் என்றும் கான்சாகிப் என்றும் மக்கள் சொல்வார்கள். தமிழ்நாட்டு மண்ணிலே வளர்ந்தவன். காட்டுப் போரும் தெரியும், கும்பினியின் பீரங்கிப் போரும் தெரியும்.

இடையில் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையை முற்றுகையிட்டார்கள். 1758 டிசம்பர் முதல் 1759 பிப்ரவரி வரை அந்த முற்றுகை நீடித்தது. கான்சாகிப் அங்கே உதவிக்குப் போனான். எங்கோ நடந்த அந்தச் சண்டையால் பூலித்தேவருக்கு மூச்சுவிட நேரம் கிடைத்தது.

1759-ல் கான்சாகிப் திரும்பினான். வந்ததும் வாளை உருவவில்லை. முதலில் கூட்டணியை உடைத்தான். களக்காட்டுப் பகுதியைத் தருவதாகச் சொல்லித் திருவிதாங்கூரைத் தன் பக்கம் இழுத்தான். நேற்றுவரை பூலித்தேவருக்கு முதுகுக் காவலாக இருந்த படை இப்போது முதுகில் குத்த வந்தது. வடகரை விழுந்தது. அதன் தலைவர் பூலித்தேவரிடம் அடைக்கலம் புகுந்தார்.

வாசுதேவநல்லூரில் வெற்றி

அடுத்தது வாசுதேவநல்லூர்க் கோட்டை. அது மண் கோட்டை. ஆனால் மண் காய்ந்து கல்லாக இறுகியிருந்தது. குண்டு பட்டால் செங்கல் சுவர்போலச் சரிந்து விழாது. பட்ட இடம் மட்டும் பெயரும். வெளியே முள்வேலி.

கான்சாகிப்பும் திருவிதாங்கூர்ப் படையும் கோட்டையைச் சூழ்ந்தார்கள். பீரங்கி முழங்கியது. பூலித்தேவர் கோட்டைக்குள் போய் அடைபடவில்லை. காட்டிலே காத்திருந்தார். எதிரியின் வெடிமருந்து குறையட்டும் என்று பொறுத்தார்.

1759 டிசம்பரில் கான்சாகிப்பின் வீரர்கள் மதிலை நோக்கிப் பாய்ந்தார்கள். அவர்கள் கவனம் எல்லாம் முன்னே இருந்தது. அந்த நேரம் பார்த்துச் சுமார் 3,000 வீரர்களோடு பூலித்தேவர் காட்டிலிருந்து வெளிப்பட்டார். முகாமின் பின்பக்கத்தில் விழுந்தார். கோட்டைக்குள் இருந்தவர்களும் வெளியே பாய்ந்தார்கள். முன்னும் அடி, பின்னும் அடி! கான்சாகிப் முற்றுகையை விட்டுவிட்டுத் திரும்பினான்.

ஒரு நாள் முன்னே வந்திருந்தால் எதிரியிடம் மருந்து மிஞ்சியிருக்கும். ஒரு நாள் பிந்தியிருந்தால் கோட்டை போயிருக்கும். முறை பார்த்து அடித்ததால் வந்தது அந்த வெற்றி.

மறக்க முடியாத வீரர்கள்

பூலித்தேவரின் வீரர்களைப் பற்றி ஊர் மக்கள் கதை கதையாகச் சொல்வார்கள். வெண்ணிக்காலாடியின் வயிறு கிழிந்ததாம். தலைப்பாகைத் துணியால் வயிற்றைக் கட்டிக்கொண்டு போரிட்டாராம். ஒண்டிவீரன் தனியாகவே எதிரி முகாமுக்குள் புகுந்தாராம். புல்லுக்குள் ஒளிந்திருந்தபோது, குதிரை கட்டும் முளையை எதிரி அவர் கைமீதே அடித்துவிட்டானாம். சத்தம் போடாமல் தன் கையைத் தானே வெட்டிக்கொண்டு வேலையை முடித்தாராம்.

பள்ளர் வீட்டுப் பிள்ளை காலாடி. அருந்ததியர் வீட்டுப் பிள்ளை ஒண்டிவீரன். அந்தப் படையில் சாதி பார்த்து வீரம் அளக்கப்படவில்லை என்று இந்தக் கதைகள் சொல்கின்றன.

கோட்டைகள் விழுந்தன

தோல்வியிலிருந்து கான்சாகிப் பாடம் கற்றான். 1760 டிசம்பரில் மறுபடி வந்தான். இந்த முறை அவசரப்படவில்லை. மாதக்கணக்கில் நெருக்கினான். 1761 மே மாதம் நெற்கட்டும்செவல், வாசுதேவநல்லூர், பனையூர் ஆகிய மூன்று கோட்டைகளும் விழுந்தன. பூலித்தேவர் தப்பி இராமநாதபுரம் சீமைக்குப் போனார்.

காலம் சுழன்றது. கான்சாகிப் தானே நவாப்பையும் கும்பினியையும் எதிர்த்து எழுந்தான். 1764 அக்டோபர் 15-ந் தேதி மதுரையில் அவனைத் தூக்கிலிட்டார்கள். பூலித்தேவர் பாளையத்துக்குத் திரும்பி வந்தார். ஐம்பது வயதை நெருங்கிய நிலையில் மீண்டும் கோட்டை கட்டி, மீண்டும் ஆள் சேர்த்தார்.

1767-ல் கர்னல் காம்பெல் பெரும்படையோடு வந்தான். வாசுதேவநல்லூர் மதில்மீது குண்டு மழை பொழிந்தான். ஓட்டை விழ விழ, உள்ளே இருந்தவர்கள் வைக்கோலையும் பனை மட்டையையும் திணித்து அடைத்தார்கள். அடைத்தவன் செத்து விழுந்தால் அடுத்தவன் வந்து நின்றான். அந்த வீரத்தைக் கண்டு காம்பெலே வியந்து எழுதினான். கடைசியில் ஓர் இரவு பெருமழை கொட்டியது. மழையைத் திரையாக்கிக்கொண்டு, மிஞ்சிய வீரர்கள் வெளியேறி மலைக்குப் போய்விட்டார்கள். விடிந்தபோது எதிரிக்குக் கிடைத்தது கோட்டை மட்டுமே.

சங்கரன்கோவிலில் மறைந்தார்

அதன் பிறகு பூலித்தேவர் என்ன ஆனார்? மக்கள் ஒரு கதை சொல்வார்கள். அவரைப் பிடித்துக்கொண்டு போனார்களாம். வழியில் சங்கரன்கோவிலில் சாமி கும்பிட அனுமதி கேட்டாராம். சங்கரநாராயணர் சன்னதிக்குள் போனவர், சோதியில் கலந்து மறைந்துவிட்டாராம். அந்தக் கோவிலில் பூலித்தேவர் பெயரால் ஓர் அறை இன்றும் இருக்கிறது. நெற்கட்டும்செவலில் நினைவு மாளிகையும் இருக்கிறது.

1857 சிப்பாய்ப் புரட்சிக்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே கும்பினிக்குக் கப்பம் மறுத்த தலைவர் அவர். அவரிடம் வீரம் குறையவில்லை. யோசனையும் குறையவில்லை. கிழக்கும் மேற்கும் ஒன்றாக நிற்கவில்லை. கூடவே நின்ற திருவிதாங்கூரும் ஒரு துண்டு நிலத்துக்காக விலகிப்போனது. ஆடுபுலி ஆட்டத்தில் ஆடுகள் ஜெயிக்க ஒரே வழிதான் உண்டு. ஒன்றையொன்று ஒட்டி நிற்க வேண்டும். நடுவே ஓர் இடம் காலியானாலும் புலி தாண்டிவிடும்.