அர்ச். ஜான் போஸ்கோவும் பட்டறைப் பையன்களும்

அர்ச். ஜான் போஸ்கோ என்றதும் உங்கள் மனதில் எழுவது எது? சிறுவர் புடைசூழப் புன்முறுவலோடு நிற்கும் அந்தச் சுரூபந்தான். அந்தச் சுரூபத்தின் கையில் ஒரு முத்திரைத் தாளையும் வைத்திருக்கலாமே என்று எனக்கு வெகுநாளாய் ஓர் எண்ணம். ஏனென்று கேட்டால், கதையைக் கொஞ்சம் ஆதியிலிருந்தே சொல்லவேண்டும்.

1815-ம் ஆண்டு ஆகஸ்ட் 16-ந் தேதி, வட இத்தாலியில் பெக்கி என்னும் குக்கிராமத்தில் ஒரு குடியானவர் வீட்டில் ஜான் பிறந்தான். இரண்டு வயது நிரம்புமுன் தகப்பனார் சுரங்கண்டு இறந்துபோனார். தாயார் மார்கரீத்தம்மாளுக்கு எழுத்து வாசனை கிடையாது. மூத்த தாரத்து மகன் அந்தோணியையும், தான் பெற்ற சூசை, ஜான் இருவரையும் அந்த அம்மாள் நிலத்தில் பாடுபட்டே வளர்த்தாள். ஜானுக்குப் படிப்பில் ஆசை. அந்தோணிக்கோ அது கண்ணில் விழுந்த தூசி. வீட்டில் சமாதானம் இல்லாமற்போகவே, 1828-ல், பன்னிரண்டு வயதுப் பிள்ளை பிறத்தியார் பண்ணையில் வேலைக்காரனாய்ப் போய்ச் சேர்ந்தது. பிற்பாடு பள்ளிக்கூடம் போன காலத்திலும் படிப்புச் செலவுக்காகக் காப்பிக்கடையில் வேலை செய்தான். தையல், கொல்லு வேலை, தச்சு என்று கண்ட பட்டறையிலெல்லாம் கை வைத்துப் பழகினான். கழைக்கூத்தாடிகளைப் பார்த்துக் கயிற்றின்மேல் நடக்கவும் செப்பிடுவித்தை காட்டவுங்கூடக் கற்றுக்கொண்டான். குருவாகப் போகிற பிள்ளைக்கு இதெல்லாம் எதற்கு என்று நாமாயிருந்தால் கேட்டிருப்போம்.

1841 ஜூன் 5-ந் தேதி தூரின் நகரில் அவர் குருப்பட்டம் பெற்றார். அந்நகரில் சூசை கபாசோ சுவாமியார் என்பவர் இளங்குருக்களுக்கு ஆசானாயிருந்தார். அவர் போஸ்கோ சுவாமியாரைச் சிறைச்சாலைகளுக்கு அழைத்துப்போனார். அங்கே பன்னிரண்டு முதல் பதினெட்டு வயதுள்ள திடகாத்திரமான பையன்கள் பூச்சி அரிக்கச் சோம்பிக் கிடப்பதைக் கண்டு அவர் நடுங்கிப்போனார். அவரை அதிகமாய் வாட்டியது வேறொன்று. நல்ல மனதோடு விடுதலையாகிப் போன பையன்களே சில நாளில் மறுபடி உள்ளே வந்தார்கள். வெளியே அவர்களை விசாரிப்பார் ஒருவருமில்லை. ஒரு சிநேகிதன் வெளியே காத்திருந்தால் இவர்கள் திரும்பி வந்திருப்பார்களா என்று அவர் யோசித்தார். வாசகரே, அவர் பிற்பாடு செய்ததெல்லாம் இந்த ஒரு கேள்வியில் அடங்கும்.

அந்த வருஷம் டிசம்பர் 8-ந் தேதி, தேவமாதாவின் திருநாளில், ஐந்துகாய பிரான்சீஸ்கு கோவிலில் நடந்தது நீங்கள் அறிந்ததுதான். பூசை உதவத் தெரியாத ஓர் அநாதைப் பையனைக் கோவிற்பிள்ளை அடித்துத் துரத்தினான். சுவாமியார் அவனைத் திரும்ப அழைப்பித்தார். பெயர் பர்த்தலோமேயு கரெல்லி, கொத்துவேலைக்கு வந்த வெளியூர்ப் பையன், வயது பதினாறு. எழுதத் தெரியாது, வாசிக்கத் தெரியாது, பாடத் தெரியாது. சீழ்க்கை அடிக்கத் தெரியுமா என்று கேட்டபோதுதான் அவன் முகம் மலர்ந்தது. அடுத்த ஞாயிறு அவன் சிநேகிதரையும் கூட்டிவந்தான்.

கூட்டம் பெருகிற்று, இரைச்சலும் பெருகிற்று. இடங்கொடுத்தவர்கள் ஒவ்வொருவராய் வெளியே போகச் சொன்னார்கள். சுவாமியாருக்குப் புத்தி கலங்கிவிட்டதென்று சொன்னவர்களும் உண்டு. கடைசியாக 1846-ம் ஆண்டு பாஸ்கு ஞாயிறன்று வல்தோக்கோ என்ற புறநகர்ப் பகுதியில் ஒரு தாழ்ந்த கொட்டகை கிடைத்தது. கூரை தலையில் இடிக்காதபடி தரையைத் தோண்டித் தாழ்த்தினார்கள். அந்த நவம்பரில் மார்கரீத்தம்மாள் கிராமத்தை விட்டு மகனோடு வந்துவிட்டாள். ஒருநாள் இரவு தங்க இடம் கொடுத்த பையன்கள் விடியுமுன் கம்பளிகளையும் சுருட்டிக்கொண்டு ஓடினார்கள். இன்னொருநாள் அவள் பாடுபட்டு வைத்த காய்கறித் தோட்டத்தை விளையாட்டில் மிதித்துத் துவைத்துவிட்டார்கள். ஊருக்கே போய்விடுகிறேன் என்று அந்த அம்மாள் புறப்பட்டபோது, மகன் பேசாமல் சுவரிலிருந்த பாடுபட்ட சுரூபத்தைக் காட்டினார். அவள் திரும்பிப்போய்த் தையலை எடுத்துக்கொண்டாள்.

ஞாயிறன்று ஞானோபதேசமும் விளையாட்டும், சரி, திங்கட்கிழமை? பகலெல்லாம் வேலை செய்த பையன்களுக்காக இரவுப் பள்ளிக்கூடம் வைத்தார். ஆசிரியர் போதாததால், தேறிய பையன்களையே மற்றவர்களுக்குக் கற்பிக்க ஏற்படுத்தினார். அந்த ராச்சியத்தில் 1850 முதல் மீட்டர், கிலோகிராம் என்ற புது அளவைகள் கட்டாயமாயின. அளவு தெரியாத கூலிக்காரனை எவனும் ஏமாற்றலாம் அல்லவா? சுவாமியார் 1849-ல் அதற்கென்று ஒரு சின்னப் புத்தகம் அச்சிட்டார். போதாக்குறைக்கு அளவைகளையே வைத்து நாடகம் எழுதிப் பையன்களை நடிக்கச் செய்தார். கணக்குப் பாடத்துக்கு நாடகம் போட்ட குரு இவரைத் தவிர யாரென்று தெரியவில்லை.

இப்பொழுது அந்த முத்திரைத் தாளுக்கு வருவோம்.

1852 பிப்ரவரி 8-ந் தேதி, பெர்த்தொலீனோ என்ற தச்சர், ஒதாசோ என்ற பையன், அவன் தகப்பனார், போஸ்கோ சுவாமியார் ஆகியோர் ஒரு பத்திரத்தில் கையொப்பமிட்டார்கள். அக்காலத்தில் தொழில் பழக வந்த பையன் எஜமானுக்கு அடிமைபோலத்தான். கடைக்கு ஓடுவான், வீடு பெருக்குவான், அடியும் வாங்குவான். வருஷம் போகும், தொழில் மட்டும் வராது. பத்திரம் என்ன சொல்லுகிறது பாருங்கள். இரண்டு வருஷத்தில் எஜமான் பையனுக்குத் தச்சுத்தொழிலை முழுதும் கற்றுக்கொடுக்க வேண்டும். தொழிலைச் சேராத வேறு வேலை வாங்கலாகாது. தவறு செய்தால் வாயால் திருத்தலாமேயன்றி வேறு விதமாய் அல்ல. திருநாட்களில் முழு ஓய்வு. கூலியும் எழுதியிருக்கிறது: லீராவில் நூறில் ஒன்றான சதத்தில், முதல் ஆறு மாதம் நாளொன்றுக்கு 30, அடுத்த ஆறு மாதம் 40, இரண்டாம் வருஷம் 60, வாரந்தோறும் சனிக்கிழமை கொடுத்துவிட வேண்டும். பையனும் கீழ்ப்படிதலும் கருத்தும் உள்ளவனாயிருப்பதாக வாக்குக் கொடுக்கிறான். அவனால் சேதம் வந்தால் தகப்பனார் பொறுப்பு.

தான் எழுதிய கையொப்பத்துக்குக் கீழே ஒரு பெரியவருடைய கையொப்பமும் இருப்பதைக் கண்ட பையன் எவ்வளவு நிமிர்ந்து நின்றிருப்பான்! தனக்கு என்ன உரிமை, தன்மேல் என்ன கடமை என்பதை அவன் முதல் முறை எழுத்தில் பார்த்தது அன்றைக்காகத்தான் இருக்கும். பட்டறைகளுக்கே போய்ப் பையன் எப்படியிருக்கிறான் என்று விசாரிப்பதும் சுவாமியாரின் வழக்கம்.

1850-ல் அந்தப் பையன்களுக்குள் ஓர் உதவிச் சங்கமும் ஏற்பட்டது. அங்கத்தினன் வாரத்துக்கு ஒரு சோல்தோ, அதாவது 5 சதம், கட்டவேண்டும். நோயாய்ப் படுத்தால் நாளொன்றுக்கு 50 சதம் கிடைக்கும். இந்தச் சின்னச் சங்கத்தை நான் பெரிதாய் எண்ணுகிறேன். தர்மம் வாங்கப் பழகிய கைகள் சேமிக்கவும், நோயாளியைச் சந்திக்கவும், கணக்குக் காட்டவும் அங்கே பழகின. 1854-ல் தூரின் நகரில் வாந்திபேதி பரவியபோது சுவாமியார் கேட்டதும் நோயாளிகளைத் தூக்கவும் பராமரிக்கவும் 44 பையன்கள் முன்வந்தார்கள். ஒருவனுக்கும் நோய் தொற்றவில்லை.

ஆயினும் வெளிப் பட்டறைகளில் பையன்கள் கேட்ட பேச்சும் கண்ட நடத்தையும் அவருக்குத் திருப்தியாயில்லை. ஆகையால் 1853-ல் வீட்டிலேயே செருப்புத் தைக்கும் பட்டறையும் தையற்பட்டறையும் திறந்தார். முதல் நாள் தாமே உட்கார்ந்து தோலைத் தட்டிக் காட்டினார். பழைய பட்டறைப் பழக்கம் வீண்போகவில்லை! அடுத்த வருஷம் புத்தகம் கட்டும் தொழில், 1856-ல் தச்சு, அதன்பின் அச்சுக்கூடம், இரும்பு வேலை என்று வளர்ந்தது. 1859-ல் சலேசிய சபை தோன்றியது. அச்சபைக் குருக்கள் 1906-ல் நம் தஞ்சாவூருக்கு வந்து சேர்ந்தார்கள். போஸ்கோ சுவாமியார் 1888 ஜனவரி 31-ந் தேதி மரித்தார். 1934-ல் திருச்சபை அவருக்கு அர்ச்சியசிஷ்ட பட்டம் அளித்தது.

ஒன்றைக் கடைசிக்கென்று வைத்திருந்தேன். சுவாமியார் ஒரு முறை க்ஷவரக் கடைக்குப் போனார். அங்கே கஸ்தீனி என்ற சிறுவன் தொழில் பழகிக்கொண்டிருந்தான். அவனே சவரம் செய்யட்டும் என்றார். கடைக்காரர் தடுத்தும் கேட்கவில்லை. பழகாத கத்தி கன்னத்தைச் சுரண்டியும் பொறுத்துக்கொண்டு, அவனை ஞாயிறன்று வரச்சொல்லிப் போனார். பிற்பாடு அநாதையாகி நின்ற அவன் வல்தோக்கோவில் வளர்ந்து, புத்தகம் கட்டும் தொழிலைக் கற்றான். 1870 ஜூன் 24-ந் தேதி, சுவாமியாரின் பெயர்கொண்ட அருளப்பர் திருநாளன்று, அந்தக் கஸ்தீனி பழைய பையன்கள் சிலரைச் சேர்த்துக்கொண்டு வாழ்த்துச் சொல்ல வந்தான். சொந்த உழைப்பில் வாங்கிய காப்பிக் கோப்பைகள் சிலவற்றைக் காணிக்கையாய் அவர் முன் வைத்தார்கள்.